உங்கம்மா கவர்னரை வழியனுப்பின கதை

நான் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் போனவன். இதில் பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். உங்கம்மாவிடம், "பசங்களுக்கு அந்தப் படத்துக் கதையை எழுதப் போறேன்" என்றேன். "எழுது, எழுது. மாமாவை மட்டும் ரொம்ப இழுக்காத" என்றாள். எதிர்வீட்டு மாமாவை இழுக்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. முடிந்த மட்டும் மெதுவாக இழுக்கிறேன்.

அப்போது பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு நாலு. நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒலக்கூர் பக்கம் நம் ஊரிலிருந்தும் வழியில் உள்ள ஊர்களிலிருந்தும் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவேன், சாயங்காலம் கொண்டுவந்து விடுவேன். மே மாசம் லீவு விட்டால் வண்டியும் சும்மா நிற்கும், நானும் சும்மா நிற்பேன்.

அந்த லீவில்தான் சினிமாவுக்குக் கூட்டம் சேர்க்கிற ஏஜென்ட் ஒருத்தர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். புதுச்சேரியில் ஒரு படம் எடுக்கிறார்கள், நாற்பது பேர் வேண்டும் என்றார். "புதுச்சேரியில ஆளே இல்லையாங்க?" என்று கேட்டேன். "அங்க எல்லார் மூஞ்சியும் பத்துப் படத்துல வந்துடுச்சி. கேமராவைப் பார்த்தா பழக்கமா நிக்கிறாங்க. இது பழைய காலத்துக் கதை. புது மூஞ்சியா வேணும்" என்றார்.

கதை என்னவென்றால், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து நம் கைக்கு வந்தது. இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் போன பிறகும் அங்கே சில வருஷம் பிரெஞ்சுக்காரன் இருந்தான் இல்லையா, அவன் கொடியை இறக்கிவிட்டுக் கிளம்புகிற வரைக்கும்தான் படம். நாங்கள் நிற்க வேண்டியது கடைசிக் காட்சியில்.

உங்கம்மா வரவில்லை என்றுதான் முதலில் சொன்னாள். அவள் பிறந்த ஊர் கண்டமங்கலத்துக்கு அடுத்தது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் நம் கணக்கு, அந்தப் பக்கம் புதுச்சேரிக் கணக்கு. அவள் பிறந்தது அந்தப் பக்கம். கல்யாணம் ஆகி நம் ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளைப் 'பிரெஞ்சுக்காரி' என்று கேலி பேசுவார்கள். இந்த மாதிரி படத்துக்குப் போனால் இன்னும் பேசுவார்கள் என்று யோசித்தாள். நான்தான் விடவில்லை. "நாப்பது பேருல ஒருத்தி. உன்னை யாரு பார்க்கப் போறா?" என்றேன். உங்கள் இரண்டு பேரையும் சின்னம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்துப் பேர் தெரியாமல் வேனுக்கு இரண்டு பக்கமும் பழைய பேனர் துணியைக் கட்டினேன். இரண்டு நடை அடித்து எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே பெண்களுடைய கண்ணாடி வளையல், ஹேர்கிளிப் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டார்கள். நூல் புடவை கொடுத்தார்கள். ஆண்களுக்கு வேட்டி, முண்டாசு. செல்போனை மடியில் வைத்திருந்த ஒருத்தரைக் கண்டுபிடித்து ஒரு சத்தம் போட்டார்கள். எதிர்வீட்டு மாமாவுக்கு மட்டும் முதல் வரிசை. காரணம், அவரே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போனவர். நம் ஊரில் கொடியேற்றுகிற நாளில் எல்லாம் மாமாதான் முன்னால் நிற்பார். "எங்க தாத்தா செஞ்சதை நான் நடிச்சிக் காட்டறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சு கவர்னராக நடித்தவர் நிஜமான வெள்ளைக்காரர்தான். ஆனால் நடிகர் இல்லை. அந்தப் பக்கத்திலேயே இருபது வருஷமாக ரொட்டிக் கடை வைத்திருக்கிறவர். நல்லாத் தமிழ் பேசினார். மே மாச வெயிலில் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட கோட்டு, மார் நிறைய மெடல். பாவம், வேர்த்து ஊற்றியது. பந்தல் நிழலில் நம் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.

உங்கம்மா வீட்டிலிருந்து தூக்கில் கேப்பைக் கூழ் கரைத்து எடுத்து வந்திருந்தாள். அவரைப் பார்த்துவிட்டு, "ஐயா, கூழு குடிப்பீங்களா?" என்றாள்.

"மோர் மொளகா இருக்கா?" என்றார் அவர்.

பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு டம்ளர் குடித்தார். ரொட்டிக் கடைக்காரன் பாடு இருக்கிறதே, விடியறதுக்கு முன்னாடியே அடுப்பு மூட்டணும்மா என்று அவர் கதையைச் சொன்னார். உங்கம்மா அவள் ஊரைச் சொன்னாள். "ஓ, அங்க மல்லாட்டை நல்லா இருக்கும்" என்றார். நிலக்கடலையை நம்மைப் போல மல்லாட்டை என்றே சொன்னார். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் இப்படியே போனது. சினிமாவில் வேலை குறைச்சல், காத்திருக்கிறதுதான் அதிகம்.

அப்புறம் காட்சி. உதவி டைரக்டர் ஒரு சின்னப் பையன்தான், மைக்கில் விளக்கிச் சொன்னான். கொடி இறங்கும் வரைக்கும் எல்லாரும் 'ஒழிக'ன்னு கத்தணும். கொடி இறங்கினதும் கப்சிப். கவர்னர் படியிறங்கி நம் நடுவில் நடந்து காருக்குப் போவார். யாரும் பேசக் கூடாது, முறைச்சிப் பார்க்கணும், அவ்வளவுதான்.

கத்தினோம். மாமா கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். கொடி இறங்கியது. கப்சிப். கவர்னர் படியிறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக நடந்து வந்தார். உங்கம்மா நின்ற இடத்துக்கு நேராக வந்தார்.

"போயிட்டு வாங்க" என்றாள் உங்கம்மா.

அந்த மனுஷர் நடிப்பை மறந்துவிட்டார். சட்டென்று திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டு, "வர்றேம்மா" என்றார்.

கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் 'கட்' என்று சத்தம். உதவி டைரக்டர் ஓடி வந்தான்.

"எம்மா! எவ்ளோ பேரு அடி வாங்கி அவனைப் போகச் சொல்லியிருக்காங்க, நீ போயிட்டு வாங்கன்ற? அவன் திரும்பி வந்தா உங்க வூட்லயா தங்க வெப்ப?"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். இதை நான் மறைக்கக் கூடாது. உங்கம்மா என்னைத்தான் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் செய்ததில் என்ன தப்பு என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. நம் பக்கம் வாசலை விட்டு யார் கிளம்பினாலும் வெறுமனே 'போங்க' என்று சொல்லி அனுப்ப மாட்டார்கள். கரண்டுக்கு ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் சொல்வோம். சண்டை போட்டுவிட்டுப் போகிற சம்பந்திக்கும் சொல்வோம். காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து கூழ் குடித்த மனுஷர் கிளம்பினால் அவள் வாய் சும்மா இருக்குமா?

மறுபடியும் மூன்று தரம் எடுத்தார்கள். மூன்று தரமும் அவள் உதட்டை அழுத்திக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது வேனிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "வெள்ளைக்காரனை வெத்தல பாக்கு வெச்சிக் கூப்பிட்டவடி இவ" என்றாள் ஒருத்தி. 'பிரெஞ்சுக்காரி' என்ற பேர் போய் 'கவர்னரம்மா' ஆனது. ரேஷன் கடை வரிசையில், "கவர்னரம்மாவுக்கு வழி விடுங்கடி" என்பார்கள். அது சிரிப்புக்குத்தான். மாமா சொன்னதுதான் அவளுக்குத் தைத்தது. குழாயடியில் நாலு பேர் இருக்கும்போது, "எங்க தாத்தா ஜெயிலுக்குப் போனது இதுக்குத்தானா மருமவளே?" என்றார். அதற்கப்புறம் அவர் இருக்கிற நேரத்தில் அவள் குழாய்க்குப் போவதில்லை. நூறு நாள் வேலைக்குக்கூட ஒரு மாசம் போகாமல் இருந்தாள்.

ஒரு வருஷம் ஆச்சு. படம் வரப்போகிறது என்றார்கள். திண்டிவனத்தில் வெள்ளிக்கிழமை போடுவதாகப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

ஊரே பரபரத்தது. உங்கம்மாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. "அதை வெச்சிருப்பாங்களா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "மூணு தரம் எடுத்தாங்களே, அதுல ஒண்ணைத்தான் போடுவாங்க" என்றேன். "போட்டிருந்தா? ஊருக்குள்ள மட்டும் இருந்த பேரு திண்டிவனம் பூரா ஆயிடும். நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? நீ முதல்ல போய்ப் பார்த்துட்டு வா. இருக்கா இல்லையான்னு வந்து சொல்லு. இருந்தா நான் எங்க ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துட்டு வர்றேன்."

ஆகவே முதல் நாள் காலை ஆட்டத்துக்கு ஆம்பிளைகள் ஆறு பேர் போனோம். மாமா வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். தியேட்டரில் பாதிக்கு மேல் நாற்காலி காலி. வந்தவர்களில் நிறைய பேர் எங்களை மாதிரிக் கூட்டத்தில் நின்றவர்கள்தான். அவனவனுக்கு அவனவன் மூஞ்சியைத் தேடுகிற வேலை. கதை யாருக்கும் வேண்டாம். "அதோ என் முண்டாசு!" என்று ஒருத்தன் எழுந்து விசிலடித்தான். முண்டாசு மட்டும்தான் வந்தது. போலீஸ்காரன் சிவப்புத் தொப்பியோடு வந்தபோது, "புதுச்சேரியில இப்பவும் இதே தொப்பிதான்டா போடறான்" என்று ஒரு குரல். சந்தையைக் காட்டினார்கள், "இது செட்டு, அட்டைடா" என்று இன்னொரு குரல்.

இடைவேளையில் பஜ்ஜி கடையில் ஒரே வாக்குவாதம். பிரெஞ்சுக்காரன் இருந்தபோது நல்லா இருந்ததா, போன பிறகு நல்லா இருக்கா என்று. யாரும் அந்தக் காலத்தைப் பார்த்ததில்லை. "அவன் போயிட்டான். ஆனா சனிக்கிழமையானா நாம பாதிப் பேரு அங்கதான போறோம்" என்றார் ஒருத்தர். அவர் எதுக்குப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அதோடு வாக்குவாதம் முடிந்தது.

கடைசிக் காட்சி வந்தது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'ஒழிக' என்று கத்துகிற கூட்டத்தில் முதல் ஆளாக அவர்தான், திரை முழுக்க. எங்கள் வரிசை கைதட்டியது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். கொடி இறங்கியது. எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர் எழுந்து நின்றார். "பெருசு, உக்காரு, மறைக்குது" என்றார்கள். அவர் உட்காரவில்லை. கொடி முழுசாக இறங்கின பிறகுதான் உட்கார்ந்தார். எந்தக் கொடிக்காக நின்றார் என்று யாரும் கேட்கவில்லை. கவர்னர் படியிறங்கி வந்தார். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உங்கம்மா வந்தாள். பாதி முகமும் கழுத்தும்தான். "போயிட்டு வாங்க." குரல் அவளுடையது இல்லை, ஸ்டூடியோவில் வேறு யாரோ பேசியிருந்தார்கள். ஆனால் உதடு அவள் உதடு. அவர் திரும்பினார், கும்பிட்டார். "வர்றேம்மா." முதல் தரம் எடுத்ததையே, வெட்டாமல், அப்படியே வைத்திருந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் கும்பிட்டபோது கேமரா அவருக்குப் பின்னால் இருந்தவர்களையும் பிடித்திருக்கிறது. அங்கே, முதல் வரிசையில், எதிர்வீட்டு மாமா. கொஞ்சம் முன்னால் ஒழிக என்று தூக்கின கை இன்னொரு கையோடு சேர்ந்து, நெஞ்சுக்கு நேராகக் கும்பிட்டது. தலையையும் கொஞ்சம் ஆட்டி வழியனுப்பினார்.

தியேட்டரில் வேறு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் மட்டும்தான் சிரித்தோம். மற்றவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒருத்தர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேனில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒலக்கூர் திருப்பத்தில், "தம்பி, ஊர்ல இதைச் சொல்லிக்கினு இருக்காத" என்றார். "மருமவளுக்கும் சங்கடம். அந்தக் கட்டத்தையே வெட்டிட்டாங்கன்னு சொல்லிடு. நீங்களும்தான்டா, கேட்டீங்களா?" பின்னால் இருந்த நாலு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றார்கள். எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. அவளுக்குக் கவலை விட்டது என்று நினைத்தேன்.

உங்கம்மா முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "இருக்கா?" என்றாள்.

"இல்ல. வெட்டிட்டாங்க."

கை நின்றது. "வெட்டிட்டாங்களா? நல்லதுதான்" என்றாள். மறுபடியும் உரித்தாள். கொஞ்சம் கழித்து, முகத்தைத் தூக்காமலே, "அவரு திரும்பிக் கும்பிட்டாரே, அதுகூடவா?" என்றாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தக் கேள்வி மட்டும் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை பெண்கள் கிளம்பினார்கள். அந்தக் காட்சிதான் இல்லையே, இனி என்ன பயம் என்று உங்கம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நான் எப்படித் தடுப்பேன்? வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். மேட்னி. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பாதி முகம் திரையில் வந்ததும், "அடியே, நம்ம கவர்னரம்மாடி!" என்று பெண்கள் கத்தினார்கள். உங்கம்மா தலை நாற்காலிக்குக் கீழே போய்விட்டது. அடுத்த நிமிஷம் மாமாவின் கும்பிடு வந்தது. முதலில் பார்த்தது மாமாவின் சம்சாரம்தான்.

"ஐயே! எங்க வூட்டு ஆம்பளயப் பாருங்கடி! கோயில்லகூட இப்படிக் கும்பிட்டதில்லடி அது!"

அந்தச் சிரிப்பு மாதிரி ஒரு சிரிப்பை நான் தியேட்டரில் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தில் உங்கம்மா தலை மெதுவாக மேலே வந்தது.

படம் விட்டு வந்து என் பக்கத்துச் சீட்டில் அவள் உட்காரவில்லை. பின்னால் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்துதான் பேசினாள். நாலு பேர் எதிரில் என்றால் 'என்னாங்க' என்பாள், கோபம் வந்தால் 'யா' தான்.

"என்னாய்யா, வெட்டிட்டாங்களா?"

நான் வேன் சாவியை ஆணியில் மாட்டினேன்.

"அவரு மானம் காப்பாத்தறதுக்கு ஆறு ஆம்பள சேர்ந்து பொய் சொல்றீங்க. ஒரு வருஷமா என்னைச் சொல்லிச் சிரிச்சப்ப ஒருத்தன் வாயத் தொறந்தியா? ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது. அன்னிக்கு நீ ஏன்யா சிரிச்ச?"

"தப்புதான்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் அழவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தாள். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். அப்புறம் அவளே பேசினாள். தியேட்டரில் அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் திண்டிவனத்துப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாதவள், அந்தக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பகையாளியா இருந்தாலும் கிளம்பறப்ப ஒரு வார்த்தை சொன்னா பாரு, அவ பொம்பள" என்றாளாம்.

"நான்தான் அதுன்னு நீ சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? அடுத்த வாயிலயே, ஆனா குரலுதான் மூஞ்சிக்குப் பொருந்தலன்னு சொல்லிட்டாளே" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

மறுநாள் காலையில் குழாயடிக்கு மாமா இருக்கிற நேரத்திலேயே குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் வேன் துடைக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டார்.

"மருமவளே, கை தானா எழும்பிடுச்சிம்மா. நான் எங்க எழுப்பினேன்?"

"அதுக்கு இன்னா மாமா. உங்க தாத்தா இருந்தாலும் கும்பிட்டுத்தான் அனுப்பியிருப்பாரு" என்று குடத்தை வைத்தாள். மாமா பம்பு அடித்துக் கொடுத்தார். அவர் யாருக்கும் பம்பு அடித்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் வந்ததும், "இன்னிக்கு மேட்னிக்குப் பசங்களைக் கூட்டிக்கினு போலாம். ஜல்தி டிக்கெட் எடுத்து வையி" என்றாள். மூன்று நாளில் மூன்றாவது தரம் நான் பார்க்கிறேன். அவள் உங்களுக்கு நல்ல துணி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக் கூட்டி வந்தாள். இடைவேளையில் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தேன். அதுதான் தப்பாகப் போய்விட்டது. தின்று முடித்ததும் சின்னவன் என் மடியில் சாய்ந்தான், பெரியவள் உங்கம்மா மடியில். கொடி இறங்கும்போது உங்கம்மா பெரியவளைக் கிள்ளினாள். "எழுந்திரிடி, அம்மா வர்றேன்டி, பாருடி." பெரியவளே, நீ காலை மடக்கிக்கொண்டு இன்னும் நல்லாத் தூங்கினாய். சின்னவனை நான் தூக்கி நிறுத்தினேன். அவன் கண்ணைத் திறந்தபோது திரையில் கார் போய்க்கொண்டிருந்தது. "கார்" என்றான்.

செவ்வாய்க்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள். அப்புறம் ஒரு பொங்கலுக்கு டிவியில் போட்டபோது எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். நேரத்துக்காகக் குறைத்திருந்தார்கள். கொடி இறங்கியது, கார் போனது. நடுவில் ஒன்றும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் உங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தீர்கள். அவள், "இருந்துச்சிடா, நெஜமாவே இருந்துச்சி, உங்கப்பாவைக் கேளு" என்றாள். விளம்பரம் வந்துவிட்டது, யாரும் என்னைக் கேட்கவில்லை. இருந்தது, பிள்ளைகளா. நான் மூன்று தரம் பார்த்தேன்.